ஒருவருக்காகப் பலரைக் கொடுக்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. சிலம்பும் கம்பனும் குறளும் ஒலித்த இம்மேடையில், இன்று நாம் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெரியோர் சிலர் முகம் சுளிக்கக் கூடும், பொறுத்தருள வேண்டுகிறோம். ஓர் அணி, தன்னிடம் உள்ள பலரையோ தனக்கு இனி வரவேண்டிய பலரையோ விட்டுக்கொடுத்து, ஒரே ஒருவரைப் பெறலாமா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட வினா. கேட்பதற்கு இது விளையாட்டு வினா. சற்றே உற்று நோக்கினால், குடும்பத் தலைவரும் வணிகரும் சங்கங்களை நடத்துவோரும் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் எதிர்கொள்ளும் வினாவாக இருப்பது விளங்கும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர் நாம். நம்முள் சிலர் தொழிலுக்கும் வணிகத்துக்குமாக இங்கே வந்து குடியேறியவர்கள். வேறு சிலரோ எங்கும் செல்லாமலே, எல்லைக்கோடு நகர்ந்தமையால் அயல் மாநிலத்தவர் ஆனவர்கள். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும், இவ்விரு நகரத் தமிழர்க்கும் உறவு பிரியவில்லை. ஆட்டம் பார்க்கும் ஆர்வமும் பிரியவில்லை. விசாகப்பட்டினத்து அரங்கம் நமக்கு ஓர் இரவுப் பயணம். சேப்பாக்கமோ காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சென்று சேரும் தொலைவு. ஆகவே நம் இளைஞர் பலரும் சென்னை அணியைத் தம் அணியாகக் கொண்டாடுவதில் வியப்பில்லை. அந்த அணி 2025ஆம் ஆண்டு நவம்பரில் செய்த ஒரு செயல், நம் இல்லங்களில் தந்தையையும் மகனையும் உணவு வேளையில் எதிரெதிர்க் கட்சியாக்கியது. அந்த வழக்கைத்தான் இன்று இம்மன்றத்தின் முன் வைக்கிறோம்.

வழக்கினுள் நுழையுமுன் ஒரு சொல். 'மாற்றிக்கொள்ளுதல்' என்னும் சொல்லின் பொருளை இம்மண்ணில் பிறந்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது சித்தூர். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தனி மாவட்டம் கண்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு இணைந்தது. பின்னர் படாஸ்கர் அவர்களின் தீர்ப்பை அடியொற்றி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஈடாக ஆந்திரத்துக்கு வந்தன. வரைபடத்தில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். கோட்டின் இருபுறத்தும் நின்றவர்க்கோ, அது பள்ளியின் பாடமொழி, பத்திரப் பதிவு, நீதிமன்ற வழக்கு என அன்றாட வாழ்வு முழுவதையும் தொட்ட மாறுதல். கொடுக்கப்படுவதும் பெறப்படுவதும் எண்கள் மட்டுமல்ல என்பதை நம் முன்னோர் பட்டறிவால் கற்றனர். அந்நினைவோடு விளையாட்டுக்கு வருவோம்.

2025 நவம்பர் 15ஆம் நாள் வெளியான செய்தி இது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, இரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்து வீரர் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, அவ்வணியின் தலைவராயிருந்த கேரள நாட்டு சஞ்சு சாம்சனைப் பெற்றது. சாம்சனின் ஊதியம் 18 கோடி ரூபாய். சென்னையில் 18 கோடி பெற்றுவந்த ஜடேஜா 14 கோடிக்கும், கரன் தம் 2.40 கோடிக்கும் ராஜஸ்தானுக்குச் சென்றனர். கொடுத்தது இருவர்; பெற்றது ஒருவர்.

ஜடேஜா யார்? 2012 முதல் பன்னிரண்டு பருவங்கள் மஞ்சள் உடை தரித்து ஆடியவர். பந்து வீசுவார், மட்டை பிடிப்பார், களத்தடுப்பில் அவருக்கு நிகர் அரியர். ஓர் இடத்தில் நின்று மூவர் வேலையைச் செய்தவர் என்றால் மிகையாகாது. 2023ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை யார் மறப்பர்? கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, முதற்பந்தில் ஆறும் அடுத்த பந்தில் நான்கும் அடித்து ஐந்தாம் வாகையைச் சென்னைக்குச் சூட்டியவர் அவரே. அத்தகையவரைக் கொடுப்பதா என்று மூத்தோர் வெகுண்டனர். 'அவருக்கு அகவை முப்பத்தேழை நெருங்குகிறது; சாம்சனுக்கு முப்பத்தொன்றே' என்று இளைஞர் விடையிறுத்தனர். ஒருவர் நன்றியைப் பேசினார். மற்றவர் கணக்கைப் பேசினார். இரண்டும் மெய்யே. ஆனால் இரண்டும் வழக்கைத் தீர்க்கப் போதுமானவையல்ல.

இதனினும் கூர்மையாக இவ்வினாவை ஆண்டுதோறும் எழுப்பும் நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பணியாற்றும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அந்நாட்டுக் கால்பந்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது நாம் அறிந்த கால்பந்தன்று. நீள்வட்ட வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அவ்வாட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. தன் அணி தாக்கும் முறை வருந்தோறும் பந்து பெரும்பாலும் முதலில் அவர் கைக்கே வரும். எறிவதா, பிறர் கையில் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்பதை இமைப்பொழுதில் அவர் முடிவு செய்வார். அவர் தடுமாறினால் ஏனைய பத்துப் பேரின் உழைப்பும் வீணாகும்.

அந்நாட்டில் புதிய வீரரை ஏலத்தில் எடுப்பதில்லை. கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளைஞரை 32 அணிகளும் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. ஏழு சுற்றுகள் நடைபெறும். முந்திய ஆண்டில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் முறை என்பது விதி. மெலிந்தவன் வலுப்பெறட்டும் என்னும் நன்னோக்கு அதில் உள்ளது. ஆனால் அம்முறையை விற்கவும் வாங்கவும் செய்யலாம். பன்னிரண்டாம் முறையில் நிற்கும் அணி, தனக்குப் பிடித்த குவார்ட்டர்பேக்கைப் பிறர் கொத்திச் செல்லுமுன் பெற விரும்பினால், மூன்றாம் முறையில் நிற்கும் அணிக்குத் தன் முறையையும் வரும் ஆண்டுகளின் முதற்சுற்று முறைகளையும் கொடுத்து முன்னேறலாம். நாளைய விளைச்சலைக் கொடுத்து இன்றைய கனியைப் பெறுவது என்று இதனைச் சொல்லலாம்.

நம் ஊர் மாந்தோப்பினர்க்கு இது புதிதன்று. தோத்தாப்புரி மரங்கள் பூத்து நிற்கும்போதே, காயைக் காணுமுன், தோப்பை வணிகர்க்குக் குத்தகைக்கு விடுவோர் இங்கே பலர். மகள் திருமணமோ, ஆழ்துளைக் கிணறோ, உடனே பணம் வேண்டும். அதற்காக வருங்காலக் காய்ப்பைக் கொடுக்கிறோம். அது எப்போதும் பிழையாகுமா? ஆகாது. எப்போதும் சரியாகுமா? அதுவும் ஆகாது. எதற்காக விற்றோம், விற்றபின் நம்மிடம் எஞ்சியது யாது என்பதைப் பொறுத்தே அது அறிவாகவோ அறியாமையாகவோ ஆகிறது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம் இதற்கென்றே அமைந்தது போல் தோன்றுகிறது. செலவையும் வரவையும் அவ்வரவு பின்னர் ஈனும் பயனையும் எண்ணிச் செய்க என்று அது அறிவுறுத்துகிறது. வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலையே இழக்கும் செயலை அறிவுடையோர் தொடங்கார் என்றும் எச்சரிக்கிறது. ஊக்கமும் எச்சரிக்கையும் ஒரே அதிகாரத்தில் நிற்பதைக் கருதுக.

அமெரிக்க அணிகளின் வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டுத் தேர்வில் இரு அணிகள் குவார்ட்டர்பேக்குக்காக முன்னேறின. சிக்காகோ அணி மூன்றாம் முறையிலிருந்து இரண்டாம் முறைக்குச் செல்ல மேலும் மூன்று முறைகளைக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கி என்பவரைத் தேர்ந்தது. கான்சஸ் நகர அணி, 27ஆம் முறையோடு மூன்றாம் சுற்று முறை ஒன்றையும் 2018ஆம் ஆண்டின் முதற்சுற்று முறையையும் கொடுத்துப் பத்தாம் முறைக்கு ஏறி, பாட்ரிக் மகோம்ஸ் என்பவரைத் தேர்ந்தது. ட்ருபிஸ்கி நான்கு பருவங்களுக்குப் பின் சிக்காகோவை விட்டு நீங்கினார். மகோம்ஸோ 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்த இறுதி ஆட்டங்களில் தம் அணிக்கு வாகை சூட்டினார். செயல் ஒன்றே, விளைவு வேறு.

வேற்றுமை யாதென்று வினவுவோம். ஆளின் திறமை ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் மகோம்ஸ் வந்து சேர்ந்த வீடு எத்தகையது? முந்திய பருவத்தில் பதினாறு ஆட்டங்களில் பன்னிரண்டை வென்ற அணி அது. அலெக்ஸ் ஸ்மித் என்னும் மூத்த குவார்ட்டர்பேக் அங்கே இருந்தார். ஆகவே இளைஞரை உடனே போரில் இறக்காமல், பெரும்பாலும் ஓராண்டு உடனிருந்து கற்கச் செய்தனர். சிக்காகோவோ முந்திய பருவத்தில் பதினாறில் மூன்றே வென்ற அணி. கூரை ஒழுகும் வீட்டில் விலையுயர்ந்த தூணொன்றை நட்டால், தூண் என்ன செய்யும்?

மற்றுமொரு நிகழ்ச்சி இதனை மேலும் தெளிவாக்கும். 2021இல் சான்பிரான்சிஸ்கோ அணி, பன்னிரண்டாம் முறையோடு, பின்வரும் ஈராண்டுகளின் முதற்சுற்று முறைகளையும் மூன்றாம் சுற்று முறை ஒன்றையும் கொடுத்து மூன்றாம் முறையைப் பெற்று, டிரே லான்ஸ் என்பவரைத் தேர்ந்தது. அவ்வணிக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவை நான்கே ஆட்டங்கள். 2023இல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். இவ்வளவு பெரிய பிழைக்குப் பின் அவ்வணி அழிந்திருக்க வேண்டுமன்றோ? அழியவில்லை. 2022ஆம் ஆண்டுத் தேர்வில் எல்லோருக்கும் கடைசியாக, 262ஆம் முறையில், அவர்கள் எடுத்த பிராக் பர்டி என்னும் இளைஞர் அணியை நடத்தத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். அங்கே எதிரில் நின்றவர் யார்? மகோம்ஸே. பெருவிலை கொடுத்து முன்னேறிப் பெற்ற வீரரும், எவரும் வேண்டாமென்று விட்டபின் கடைசியில் வந்த வீரரும் ஒரே களத்தில் சந்தித்தனர். கூடுதல் நேரம் வரை நீண்ட அவ்வாட்டத்தில் மகோம்ஸ் அணி 25க்கு 22 என வென்றது. மூன்றே புள்ளிகள்!

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? விலை உயர்ந்தவரால் பயனில்லை என்பதன்று, வென்றவர் அவர்தாமே. சுற்றிலும் தக்கோர் நிற்கும் அணி, ஒருவரைத் தேர்வதில் பிழைத்தாலும் மீண்டெழும் என்பதே பாடம். இதன் மறுபக்கமும் உண்டு. 2023இல் கரோலைனா அணி முதல் முறையைப் பெறுவதற்காக, அவ்வாண்டின் இரு முறைகள், 2024இன் முதற்சுற்று முறை, 2025இன் இரண்டாம் சுற்று முறை ஆகியவற்றோடு, பந்தைப் பெற்று ஓடுவதில் தேர்ந்த தன் சிறந்த வீரர் ஒருவரையும் கொடுத்தது. பிரைஸ் யங் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் எறியும் பந்தைப் பிடிக்க வேண்டிய கைகளையே விலையாகக் கொடுத்துவிட்டு அவரை வரவேற்றனர்! அப்பருவத்தில் பதினேழு ஆட்டங்களில் அவர்கள் வென்றவை இரண்டே. கடைசியில் நின்றமையால் அவர்களுக்கு வரவேண்டிய 2024ஆம் ஆண்டின் முதல் முறையும், முன்பே விற்கப்பட்டமையால் பிறர் கைக்குச் சென்றது.

இனி சேப்பாக்கத்துக்குத் திரும்புவோம். இவற்றிலிருந்து மூன்று வினாக்களை உரைகல்லாகக் கொள்ளலாம். நிரப்ப வேண்டிய இடம் எத்தகையது? வருகின்ற ஆள் அறியப்பட்டவரா? கொடுத்தபின் எஞ்சுவது யாது?

முதல் வினா இடத்தைப் பற்றியது. எல்லா இடத்துக்கும் பலரைக் கொடுத்தல் தகாது. அச்சாணி போன்ற இடத்துக்கே தகும். கிரிக்கெட்டில் குவார்ட்டர்பேக்குக்கு நேரான இடம் இல்லையெனினும், விக்கெட் காப்பாளர் இடம் அதற்கு அண்மையது. பந்து வீசும் முறையில் ஒவ்வொரு பந்தும் அவரை நோக்கியே வருகிறது. களம் முழுவதையும் முகத்தெதிரே காண்பவர் அவர் ஒருவரே. சென்னை அணியின் தொடக்கத்தை நினைவுகூர்வோம். 2008 பிப்ரவரி 20ஆம் நாள் மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் ஓர் அணி செலவிடத்தக்க தொகை 50 இலட்சம் டாலர். வேறு ஐந்து அணிகள் தத்தம் நகர்ப் பெரும்புகழ் வீரரை முன்கூட்டியே அமர்த்திக்கொண்டிருந்தன. சென்னைக்கு அவ்வாறு ஒருவரும் இல்லை. கையும் பையும் கட்டின்றி இருந்தமையால், 15 இலட்சம் டாலருக்கு, அதாவது மொத்தத்தில் பத்தில் மூன்று பங்குக்கு, மகேந்திர சிங் தோனியைப் பெற்றது. அன்றைய ஏலத்தில் அதுவே மிக உயர்ந்த விலை. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து வாகைகள் அந்த முதலீட்டின் விளைச்சல். ஆயினும் அன்று அவரைச் சுற்றி இரெய்னாவும் பத்ரிநாத்தும் பின்னர் அசுவினும் முரளி விசயும் நின்றதை மறந்து, ஒருவரால் வந்த வெற்றி என்று கூறுவது வரலாறாகாது.

அந்த இடம் இன்று நிரப்பப்பட வேண்டியதா? ஆம். 1981இல் பிறந்த தோனி என்றென்றும் ஆட இயலாது. 2025ஆம் ஆண்டில் சென்னை அணி தன் வரலாற்றில் முதன்முறையாகப் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்து தேடியதில் குற்றமில்லை.

இரண்டாம் வினா ஆளைப் பற்றியது. அமெரிக்காவில் பலரைக் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் ஊகத்தை. கல்லூரி ஆட்டத்தைக் கண்டு, இவன் பெருங்களத்திலும் ஒளிர்வான் என்னும் கணிப்பை. சென்னை பெற்றதோ ஊகத்தையன்று. சாம்சன் 2021 முதல் ராஜஸ்தானின் தலைவராயிருந்து, 2022இல் அதனை இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றவர். 2024இல் இந்திய அணிக்காக இருபது ஓவர் ஆட்டங்களில் மூன்று நூறுகள் அடித்தவர். அவருடைய நிறையும் குறையும் நாடறிந்தவை. மேலும், அவர் வந்தவுடன் அணித் தலைமை அவரிடம் தரப்படவில்லை; இருதுராஜ் கெயிக்வாட் தலைவராகத் தொடர்வார் என்று அணி அன்றே அறிவித்தது. வருபவர்மீது முழுச்சுமையையும் ஏற்றாமை நல்ல முறையென்றே கொள்ளலாம். 2022இல் ஜடேஜாவைத் தலைவராக்கி, எட்டு ஆட்டங்களுக்குப் பின் தலைமை மீண்டும் தோனியிடமே திரும்பியதை அணி மறக்கவில்லை போலும்.

மூன்றாம் வினாவே கடினமானது. கொடுத்தபின் எஞ்சியது யாது? மூவர் வேலையைச் செய்த ஒருவரும், பந்தும் மட்டையும் கைவந்த மற்றொருவரும் நீங்கினர். விக்கெட் காப்பவர் வந்தார். பந்து வீசுபவர் இருவர் குறைந்தனர். அக்குழியை நிரப்பவே அணி அடுத்த திங்களில் ஏலத்துக்குச் சென்றது. 2025 டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் நடந்த ஏலத்துக்குச் சென்னை கொண்டுசென்ற தொகை 43.40 கோடி ரூபாய். அதில் இந்திய அணிக்கு இன்னும் ஆடாத இரு இளைஞர்க்கு, உத்தரப் பிரதேசத்துப் பிரசாந்த் வீர், இராசத்தானத்துக் கார்த்திக் சர்மா ஆகியோர்க்கு, தலைக்கு 14.20 கோடி வீதம் 28.40 கோடி செலவிட்டது. நாட்டுக்கு ஆடாதவர்க்கு அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அன்பர்களே, இங்கேதான் நம் தந்தையரும் மைந்தரும் வாதிடுகையில் ஒரு செய்தியைக் கவனியாது விட்டனர் என்று கருதுகிறோம். நவம்பர் மாற்றத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. ஆனால் அது அறிந்தவரைக் கொடுத்து அறிந்தவரைப் பெற்ற செயல். மெய்யான சூதாட்டம் டிசம்பரில் நடந்தது. இருபது வயது இளைஞர் ஒருவரைக் கொண்டு ஜடேஜாவின் இடத்தை நிரப்ப முயன்றதே அமெரிக்க அணிகள் செய்வதற்கு நிகரான துணிவு. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. நம் நாட்டு முறையில், ஒருவரை விடுவித்தால் அவருக்குரிய தொகை அடுத்த ஏலத்துக்குப் பைக்குத் திரும்பும். அமெரிக்க அணி கொடுத்த முறை திரும்புவதில்லை. ஆகவே இங்கே பணம் மீளும். இழந்த பருவம் மட்டுமே மீளாது. விலையைக் கண்டு மயங்கவும் வேண்டா. இதே சாம் கரன் 2022 டிசம்பர் ஏலத்தில் 18.50 கோடிக்குப் பஞ்சாப் அணியால் வாங்கப்பட்டு, அந்நாள்வரை எவரும் பெறாத விலை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அவர் விலை 2.40 கோடியாயிற்று. அதே போட்டியின் முதற்பருவமான 2008இல், அடிப்படை விலையான 4,50,000 டாலருக்கே கிடைத்த ஷேன் வார்ன், இளைஞர் கூட்டமொன்றை நடத்தி, இறுதியில் சென்னையையே வென்று ராஜஸ்தானுக்கு வாகை சூட்டினார். அக்கூட்டத்தில் பத்தொன்பது வயதுச் சிறுவராக நின்றவர் ஜடேஜா என்பதையும் நினைவூட்டுகிறோம். 2025இல் அவர் சென்றது அயல் வீட்டுக்கன்று; பிறந்த வீட்டுக்கே.

ஆகவே நம் தீர்ப்பு இது. இருவரைக் கொடுத்துச் சாம்சனைப் பெற்றது தகும். இடம் அச்சாணி போன்றது, ஆள் அறியப்பட்டவர், காலமும் வந்துவிட்டது. ஆயினும் அவர் ஒருவர் வந்தமையால் பத்தாம் இடம் முதலிடமாகிவிடும் என்று எண்ணுவது பேதைமை. அவரைச் சுற்றி நிற்போரை ஆக்குவதில்தான் அம்மாற்றத்தின் பயன் அடங்கியிருக்கிறது. இத்தீர்ப்பை ஒரு பருவத்தின் வெற்றி தோல்வியைக் கொண்டு மாற்றவும் மாட்டோம். அன்று கையிலிருந்த செய்திகளைக் கொண்டு எண்ணித் துணிந்தனரா என்பதே கேட்கத்தக்கது. நன்கு உழுது விதைத்தும் மழை பொய்த்தால், உழவனைப் பழிப்பது முறையாகாது.

நன்றியைப் பேசிய மூத்தோர்க்கும் ஒரு சொல். நீங்கள் பேசியது பழமையன்று. இம்மாற்றத்துக்கு வீரரின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. அதனால் அது விற்பனையினின்று வேறுபடுகிறது. எனினும், கொடுக்கப்பட்டவர் ஆற்றிய பணியைக் கணக்கேட்டில் வரவு வைத்தபின் மறந்துவிடும் அணி, நாளை வருபவரின் உள்ளத்திலும் உறுதியை விளைவிக்காது. எல்லைக்கோட்டின் இருபுறமும் வாழ்ந்த நம்மினும் இதை அறிந்தவர் யார்? மாற்றம் நேரலாம், மாற்றப்பட்டவரை மறத்தல் ஆகாது.

நிறைவாக நம் வீட்டுக்கு வருவோம். இச்சங்கமும் ஓர் அணியே. ஆண்டுதோறும் விழா நெருங்கும்போது நம் குழுவில் ஒரு வினா எழுகிறது. உள்ள தொகை முழுவதையும் செலவிட்டுச் சென்னையிலிருந்து பெரும்புகழ் பேச்சாளர் ஒருவரை அழைப்பதா? அன்றி ஞாயிறுதோறும் நம் சிறுவர்க்கு நடைபெறும் தமிழ் வகுப்புக்குப் பலகையும் புத்தகமும் ஆசிரியர்க்குச் சிறு ஊதியமும் அளிப்பதா? பெருமகனார் வந்தால் மண்டபம் நிறையும். அதனை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அவர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் மண்டபத்தில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறோம். தெலுங்கும் ஆங்கிலமும் பயின்று வளரும் நம் பேரப்பிள்ளைகள், பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் நம் கையில் நீட்டும் நாள் பல வீடுகளில் வந்துவிட்டது. அந்நாளில் எத்துணைப் பெரிய பேச்சாளர் வந்தும் பயன் என்ன? பந்தைப் பிடிக்கும் கைகளை விற்றுப் பந்தெறிபவரைப் பெற்ற கரோலைனாவின் கதையாக நம் கதை முடியலாகாது.

ஒரு பருவக் காய்ப்பை விற்கலாம், தோப்பை விற்கலாகாது. வகுப்பு நடைபெறட்டும், அதன்பின் எஞ்சும் தொகையில் பெருமகனாரை அழைப்போம். அவர் வரும்போது முதல் வரிசையில் நம் சிறுவர் அமர்ந்திருக்கட்டும். அவர்களுள் ஒருவர் பின்னொரு நாள் இம்மேடையேறி, நம்மினும் நன்றாகப் பேசுவார் என்னும் நம்பிக்கையோடு அமைகிறோம்.